கொண்டைக்கு இரண்டு பகல்

அவளுடைய "ஹலோ"வுக்கு அந்த ஆஸ்பத்திரியில் தனி மரியாதை உண்டு. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, இரவெல்லாம் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்வது அவள் வேலை. அவள் "ஹலோ" என்று சொன்னால், மறுமுனையில் அழுதுகொண்டிருப்பவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோயாளியின் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிடுவார். பேச்சுமூச்சில்லாமல் கிடந்த ஒரு பெரியவர், வார்டு போனில் இவள் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, "யாரும்மா அது?" என்று கேட்டாராம். அவருக்கு அதற்கு முந்தைய நாளே நினைவு திரும்பிவிட்டது என்பது வேறு விஷயம். அதையெல்லாம் சேர்த்துச் சொன்னால் கதை ருசிக்காது. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் "ஹலோ அக்கா".

அந்தக் குரல் வீட்டுக்கு வருவதில்லை. அடையாள அட்டையோடு சேர்த்து அதையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வருவாளோ என்னவோ. காலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது அவளிடம் மிச்சம் இருப்பது ஒரு கைப்பையும், வீங்கிய கணுக்காலும், எதைக் கேட்டாலும் "ம்" என்று சொல்லும் ஒரு வாயும்தான். பல் பிடுங்கப் போனால் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, இருந்தும் இல்லாத மாதிரி, அப்படித்தான் அவளுக்கு எல்லாமே இருந்தன. மோசம் என்று சொல்ல முடியாது. வலித்தால் அல்லவா மோசம்?

அவள் புருஷன் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை அறுக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். வட்டமாக வரும் கண்ணாடியைச் சட்டத்துக்குத் தகுந்தபடி ஓரம் சீவித் தருவது அவர் கைவேலை. அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் "கண்ணாடிக்காரர்". விடிந்ததும் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புவார். இவள் இருட்டும் முன் கிளம்பி, விடிந்த பிறகு திரும்புவாள். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அக்கம்பக்கமாக இரண்டு லிஃப்ட். அவர் ஒன்றில் இறங்கும்போது இவள் மற்றொன்றில் ஏறிக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு சுவர். ஏதோ ஒரு மாடியில் இருவர் தோளும் ஒரே உயரத்தில் வந்து போயிருக்கும். அதைத்தான் தாம்பத்தியம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

சண்டை போட்டார்களா என்றால் இல்லை. சண்டை போடவும் இரண்டு பேர் ஒரே அறையில் விழித்திருக்க வேண்டும் அல்லவா? மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போன சமயத்தில், இரவு வேலைக்கு ஆள் இல்லை, ஒரு மாதம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இவள் வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் "சரி" என்றார். அந்தச் "சரி"க்கு இரண்டு வயது ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. பக்கத்து ஊரிலிருக்கும் தன் அம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். இவளுக்கு விடுமுறை வாரத்தில் ஏதாவது ஒரு நாள். அன்றைக்குப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கித் தீர்ப்பாள். அவள் சமைத்து வைத்ததை அவர் சாப்பிடுவார். அவர் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் அவள் சமைப்பாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல மாத்தி மாத்தி வாடகைக்கு இருக்கற ரெண்டு குடித்தனம்மா," என்று மகள் போனில் சிரிப்பாள். இவளும் சிரிப்பாள். சிரிப்பு வர வேண்டிய இடம் எதுவென்று இவளுக்குத் தெரியும்.

அந்த இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவாக, கூடத்தில் ஒரு தொட்டி இருந்தது.

பெட்டி அளவுக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், பாறைத் துண்டுகள், அவற்றின் மேல் பவளங்கள். தொட்டி கண்ணாடிக்காரருடையது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு இருக்கும் பைத்தியம். பாறை உச்சியில் மான்கொம்பு மாதிரி ஒன்று நிற்கும். நடுவில் பூப்போல ஆடுகிற சில. மணலில், யாரையும் சட்டை செய்யாமல் ஒன்று உட்கார்ந்திருக்கும். வாரி முடிந்து செருகிய கொண்டை மாதிரி மடிப்பு மடிப்பாக, ஓரமெல்லாம் சிவப்பு, உள்மடிப்பெல்லாம் பச்சை. மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வந்தது. வந்தபோது பொத்தான் அளவு. இப்போது உள்ளங்கையில் அடங்காது. அதற்குப் பெயரே கொண்டை. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுவது அது ஒன்றுதான்.

தொட்டிக்கு மேல் ஒரு விளக்கு தொங்கும். அதில் இரண்டு திருகு: ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. பிற்பகலில் தானாகவே எரியத் தொடங்கி, கண்ணாடிக்காரர் படுக்கப் போகும்வரை எரியும்படி அவர் கடிகாரம் பொருத்தியிருந்தார். வேலை முடிந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருடைய பகல்.

இவள் காலையில் வரும்போது தொட்டி இருட்டாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் வெயில் கண்ணைக் குத்தும். இரவெல்லாம் விழித்த கண் அல்லவா? ஆகவே கனத்த கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக் கூடத்தில் உட்காருவாள். ஒருநாள், பாவம் இது இருட்டில் கிடக்கிறதே என்று விளக்கின் பொத்தானை அமுக்கினாள். நீல வெளிச்சத்தில் கொண்டையின் பச்சை ஒளிர்ந்தது. தன் வீட்டுக்குள் அவள் நுழைந்ததற்கு ஏதோ ஒன்று பதில் சொன்ன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் தேநீர் போட்டுக்கொண்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, அதன் எதிரில் உட்காருவது பழக்கமாயிற்று. பல நாள் அங்கேயே கண்ணயர்ந்துவிடுவாள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிற்பகலானதும் அவருடைய கடிகாரம் வந்து அதை ஏற்றுக்கொள்ளும்.

இப்படித்தான் அந்த வீட்டில் கொண்டைக்கு மட்டும் ஒரு நாளில் இரண்டு பகல் வந்தது. ஒன்று அவள் போட்டது, ஒன்று அவர் போட்டது. அவள் போட்டது அவருக்குத் தெரியாது என்பது அவள் எண்ணம்.

நடுவில் ஒருநாள் வெளிச்சம் மங்கலாக இருந்தது. பல்பு பழசாகிவிட்டதாக நினைத்து வெள்ளைத் திருகைக் கொஞ்சம் ஏற்றினாள். மறுநாள் பார்த்தால் திரும்பவும் மங்கல். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். மறுநாளும் மங்கல். ஏன் இறங்குகிறது என்று யோசிக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எதையுமே யோசிக்காமல் சரிசெய்துவிட்டுப் போகும் கட்டத்துக்கு அவள் வந்து நாளாயிற்று.

மகள்தான் கண்டுபிடித்தாள். ஒரு காலை நேரம் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அம்மா, பின்னாடி என்ன அது வெள்ளையா? கொண்டையா?" என்றாள்.

இவள் திரும்பிப் பார்த்தாள். தினமும் எதிரில் உட்கார்ந்து பார்ப்பதுதான். ஆனாலும் அன்றைக்குத்தான் பார்த்தாள். சிவப்பு இல்லை. பச்சை இல்லை. வெளுத்த துணி மாதிரி, சுருங்கி, மணலில் கிடந்தது.

"அழகாத்தானே இருக்கு," என்றாள்.

"அழகாவா? அம்மா, அது செத்துட்டு இருக்கு! அப்பாகிட்ட கேளேன்."

"அப்பா வேலைக்குப் போயிட்டாரு."

"வந்ததும் கேளு."

"நான் வேலைக்குப் போயிடுவேன்."

"ஒரு போன் போட்டுக் கேளேன், ஊருக்கெல்லாம் போன்ல பதில் சொல்றே!"

"ம்," என்றாள்.

போன் செய்யவில்லை. தூக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி, தொட்டியின் மூலையில் ஒட்டியிருந்த கடையின் முகவரியைத் தேடிக்கொண்டு போனாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது.

கடை நீளமான ஒரு குகை. இரண்டு பக்கமும் தொட்டிகள். கடைக்காரர் குட்டையாக, முழங்கை வரை ஈரமாக, வாய் ஓயாமல் இருந்தார்.

"வாங்கக்கா. மீனா, பவளமா?"

"பவளம். வெள்ளையாயிடுச்சு."

"எது? கொம்பு மாதிரி நிக்கறதா, பூ மாதிரி ஆடறதா?"

"கொண்டை மாதிரி மணல்ல உக்காந்திருக்கறது."

"அட, மூளைப் பவளம். லைட்டு எவ்வளவு நேரம் எரியுது?"

"காலையில வந்ததும் போடுவேன். அப்புறம் அது பாட்டுக்கு எரியும். நான் கிளம்பும்போதும் எரியும். ராத்திரிதான் அணையும்னு நினைக்கிறேன்."

கடைக்காரர் ஈரக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார். "அக்கா, அதுக்கு என்ன பரீட்சையா, விடிய விடிய லைட் போட்டுப் படிக்கறதுக்கு? அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்தை வச்சு அதுதான் சமையல் பண்ணிப் போடுது. கலர் குடுக்கறதும் பாதி அந்தச் சமையல்காரங்கதான். வெளிச்சம் அளவுக்கு மீறிப் போச்சுன்னா அடுப்பு சூடு தாங்காது. அடுப்பை அணைக்க அதுக்குக் கையா இருக்கு? சமையல்காரங்களையே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடும். தள்ளிட்டு, வெளுத்துப் போய், பட்டினியா உக்காந்திருக்கும்."

"நான் பாவம்னு போட்டேன். இருட்டுல கிடக்குதேன்னு."

"கடலுக்கு அடியில எவன் லைட் போட்டான்? வெயில் தண்ணிக்குள்ள இறங்கறப்போ சிவப்பு, மஞ்சள் எல்லாத்தையும் மேலேயே கழட்டி வச்சுட்டு நீலத்தை மட்டும்தான் எடுத்துட்டுப் போகும். கொம்பு மாதிரி நிக்கறவன் மேல்மாடி ஆளு. அவன் வெயில் தாங்குவான். மணல்ல உக்காந்திருக்கறது கீழ்வீடு. அதுக்கு மங்கலா நீலம் போதும். நீங்க வெள்ளைத் திருகை ஏத்தினீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"முழுசா."

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவருக்கே பாவமாகிவிட்டது போலும், பேச்சை மாற்றினார். "உங்களுக்காவது காரணம் தெரியுதுக்கா. என்கிட்ட ஒரு சார் வர்றார், அவர் கதை இதைவிட மோசம். அவர் வீட்டுல பேய்."

"பேயா?"

"ஆமாங்கறேன். இவர் லைட்டைக் குறைச்சு வச்சுட்டுப் போவாராம், வந்து பார்த்தா முழுசா ஏறியிருக்குமாம். குறைக்கறார், ஏறுது. குறைக்கறார், ஏறுது. நல்ல மனுஷன், பொய் சொல்றவர் இல்ல. இருங்க, போட்டோகூட அனுப்பினார்."

போனை நீட்டினார். வெளுத்த ஒரு பவளம். பக்கத்தில் தொட்டி விளிம்பில், பிடி உடைந்த நீலக் கோப்பை ஒன்று, அடியில் தேநீர் மண்டியோடு. தினமும் காலையில் அவள் குடித்துவிட்டுக் கழுவாமல் வைக்கும் கோப்பை.

தன் வீட்டில் உலவும் பேயை அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"வீட்டுல வேற யாராவது இருக்காங்களான்னு கேட்டேன்," கடைக்காரர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். "யாரும் இல்லைன்னார். இது செத்துடுச்சுன்னா தொட்டியை யார்கிட்டயாவது குடுத்துட்டு, பட்டறைக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பார்த்துக்கப்போறேன்னார். அப்புறம் அந்த வீட்டுக்கு எதுக்குப் போகணும்னு என்னையே கேட்டார். நான் என்ன சொல்ல?"

அழுகை வர வேண்டும்; அல்லது கோபமாவது. காத்திருந்து பார்த்தாள். கன்னத்தைத் தட்டிப் பார்ப்பது போல மனசைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஆனால் வாய் தானாகக் கேட்டது: "இதைக் காப்பாத்த முடியுமா?"

"வெள்ளைன்னா சாவு இல்லக்கா, பட்டினி. சதை ஒட்டிட்டு இருக்கறவரைக்கும் ஆசை வைக்கலாம். சதை விலகி எலும்பு தெரிஞ்சா, அந்த இடம் போச்சு. லைட்டைக் குறைங்க. இருட்டுனதும் சின்னச் சின்னதா கை நீட்டும், அப்ப இறாலைப் பொடியா நறுக்கி ஊட்டுங்க. சமையல்காரங்க திரும்பி வர்றவரைக்கும் நீங்கதான் சமைக்கணும்."

மறுநாளிலிருந்து காலையில் அவள் விளக்கைத் தொடவில்லை. கறுப்புத் திரையையும் இழுத்துவிட்டால் கூடம் கிணறு மாதிரி ஆகிவிடும். வாசல் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்து, நடைபாதை விளக்கின் கீற்றில் உட்கார்ந்திருந்தாள். கண் பழகியதும் பார்த்தாள்: வெளுத்த மடிப்புகளின் ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கைகள் வெளியே வந்தன. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறது. இதற்குக் கை இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. நீளக் குழலில் இறால் துணுக்கை எடுத்து மேலே விட்டாள். கைகள் மெதுவாக மூடின. அவ்வளவு மெதுவாக எதுவும் அவளிடமிருந்து எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

புருஷனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். லிஃப்டில் ஏறும்போது பக்கத்து லிஃப்டின் இரைச்சல் கேட்கும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றும். வாயைத் திறந்தால் பட்டறைக்குப் பக்கத்தில் பார்க்கப்போகும் அந்த ரூமைப் பற்றியும் கேட்கவேண்டி வரும். கேட்டால் அவர் "சரி" என்றோ "ஆமாம்" என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைவார். கேட்காதவரை கொண்டை உயிரோடு இருக்கிறது, வீடும் இருக்கிறது. அவள் சொல்லாமல் ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும் நேரத்திலும் தொட்டி இருட்டாகத்தான் இருந்தது. கடிகாரத்தைத் தள்ளி வைத்திருப்பார், அவர் வந்த பிறகு எரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாளில், படுக்கையறையில் தூங்கியவளுக்கு இருட்டிய பிறகுதான் கண் விழித்தது. தாகம். எழுந்து உட்கார்ந்தபோது வாசல் சாவி திரும்பும் சத்தம், செருப்பைக் கழற்றும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. கதவிடுக்கில் வெளிச்சமும் இல்லை.

கதவைத் திறந்தாள். கும்மிருட்டு. கூடத்து விளக்கும் இல்லை, தொட்டி விளக்கும் இல்லை. தொட்டிக்கு எதிரில் நாற்காலியில் ஓர் உருவம்.

"யாரு?" என்று உருவம் துள்ளி எழுந்தது.

வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். "ஹலோ," என்றாள்.

அதுவும் ஆஸ்பத்திரிக் குரலில். அந்தக் குரல் அந்த வீட்டுக்குள் கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார்.

"நீயா? வேலைக்குப் போகலையா?"

"லீவு. ஏங்க இருட்டுல உக்காந்திருக்கீங்க? உங்க லைட்டு எரியலையா?"

"நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"காலையில எரியுதே. ரெண்டு வேளையும் எரிஞ்சா அதுக்கு ஆகாது. அதான் மத்தியானத்தோட அணையற மாதிரி கடிகாரத்தை வச்சுட்டு, என்னோடதை நிறுத்திட்டேன்."

"காலையில எரியறதில்லையே," என்றாள்.

"எரியறதில்லையா?"

"நான் போடறதை விட்டுட்டேன். கடைக்காரர் சொன்னதிலேர்ந்து."

"எந்தக் கடைக்காரர்?"

"உங்க கடைக்காரர்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் தொட்டிப் பக்கம் திரும்பினார்கள். "அப்ப இதுக்கு வெளிச்சமே இல்லையா?" என்றார் அவர். "எத்தனை நாளா?"

இரண்டு பகல் கொடுத்துப் பொசுக்கியது போதாதென்று, ஆளுக்கொரு பகலைப் பிடுங்கி முழு இருட்டில் போட்டிருக்கிறார்கள். எதிரிகூடச் சொல்லிவைத்து இப்படிச் செய்திருக்க முடியாது.

பட்டறை வேலைக்காக எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை அவர் எடுத்தார். அவள் டார்ச்சைப் பிடித்தாள். கை ஆடவில்லை, அவள் கை ஆடி நாளாயிற்று. அவர் மூக்கு கண்ணாடியில் ஒட்ட, மடிப்பு மடிப்பாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"எலும்பு தெரியுதா?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு ஓரத்துல. நகக்கண் அளவு." கொஞ்சம் பொறுத்து, "மத்ததெல்லாம் ஒட்டிட்டுதான் இருக்கு. எப்படி இருக்குன்னுதான் தெரியல. இத்தனை நாள் பட்டினில போயிருக்கணும்," என்றார்.

"நான் ஊட்டறேன். காலையில. இறால்."

அவர் பூதக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது?

நீலத் திருகை மட்டும் மிக மெல்ல ஏற்றினார். வெள்ளையைத் தொடவில்லை. மங்கிய வெளிச்சத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர் நாற்காலியில், அவள் தரையில்.

"பேய்னு சொன்னீங்களாமே," என்றாள்.

"ம்."

"நான்தான்னு தெரியாதா?"

"தெரியும். எந்தப் பேய் டீ குடிச்சுட்டுக் கப்பைக் கழுவாம வைக்கும்?"

"அப்புறம் ஏன் பேய்னு சொன்னீங்க?"

"பொண்டாட்டிதான் போடறா, ஆனா அவகிட்ட கேக்க முடியலன்னு கடைக்காரன்கிட்ட சொல்லச் சொல்றியா? அதுக்குப் பேயே கௌரவம்." தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேயை நிறுத்த முடியலன்னா உங்க லைட்டை நிறுத்துங்க சார்னு அவன்தான் சொன்னான். எனக்கும் சரின்னு பட்டுது. நீ காலையில உக்காந்து பாக்கறே. அதை எப்படி வேணாம்னு சொல்றது?"

"வீட்டுல யாரும் இல்லைன்னு சொன்னீங்களாம்."

"நான் இருக்கறப்போ யாரும் இல்லதானே."

ரூமைப் பற்றிக் கேட்கவேண்டும். அதற்குப் பதில் வேறொன்று வந்தது.

"நைட் டியூட்டி ஒரு மாசம்னு கேட்டாங்க. நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"உனக்கு ஆசையா இருக்குன்னு நினைச்சேன்," என்றார். "அதான் சரின்னேன்."

இன்னொரு வீட்டில் இந்த இடத்தில் யாராவது விம்மியிருப்பார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருப்பார்கள். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, "எத்தனை மணி நேரம் வேணும் அதுக்கு?" என்று கேட்டாள்.

பிறகு நடந்ததுதான் பாகப்பிரிவினை. சொத்து ஒன்றே ஒன்று: கொண்டையின் பகல். முதலில் கொஞ்ச நேரம்தான் எரிய வேண்டும், பழகப் பழகக் கூட்டலாம், எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடவே கூடாது என்றார் அவர். காலையை நீ வைத்துக்கொள் என்றார். வேண்டாம், மாலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் இவள். மரியாதைக்கு மரியாதை, விட்டுக்கொடுப்பதற்கு விட்டுக்கொடுப்பது, கொண்டை அவர்களுக்கு நடுவில் நீலமாக உட்கார்ந்திருந்தது.

"இப்படித்தாங்க ரெண்டு பேரும் விட்டுக்குடுத்து அதை இருட்டுல போட்டோம்," என்றாள் இவள் கடைசியில்.

"அப்ப என்னதான் பண்றது?"

"நான் கிளம்பற நேரமும் நீங்க வர்ற நேரமும் எவ்வளவு இடிக்குது?"

இடிக்கவில்லை, ஒன்றரை மணி நேரம் விலகியிருந்தது. அவள் ஒரு பேருந்து தள்ளிப் போகலாம். முன்னால் போய் ஆஸ்பத்திரி கேன்டீனில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள். அவர் பட்டறையில் எல்லோரும் போன பிறகும் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாராம். அதுவும் சும்மாதான். ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் சீவியபோது, வில்லை சட்டத்தில் உட்காருவது போல், மாலையில் ஒரு தேநீர் குடிக்கும் அளவுக்கு நேரம் அகப்பட்டது. அந்த நேரம் கொண்டையின் பகலுக்குள் விழும்படி அவர் கடிகாரத்தைத் திருப்பினார்.

அப்புறம் நாள்கள் போயின. சீக்கிரம் போயின என்றோ மெதுவாகப் போயின என்றோ சொல்வதற்கில்லை. காலையில் அவள் இருட்டில் ஊட்டினாள். மாலையில் இருவரும் உட்கார்ந்து வெளுப்பைப் பார்த்தார்கள். பேச்சு பெரிதாக இல்லை. "கை நீட்டிச்சா?" "நீட்டிச்சு." "சாப்பிட்டுச்சா?" "ரெண்டு துண்டு." நகக்கண் அளவு எலும்பு அப்படியே இருந்தது, பெரிதாகவில்லை. அவர் ரூம் பார்க்கப் போகவும் இல்லை, போகமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவள் பகல் வேலை கேட்டு ஆஸ்பத்திரியில் பேசவும் இல்லை, பேசாமல் இருக்கப்போவதாக முடிவு செய்யவும் இல்லை.

ஒரு மாலை அவர் வந்து, கை கழுவி, பூதக்கண்ணாடியோடு தொட்டியில் மூக்கை ஒட்டினார். வழக்கத்தைவிட நேரமாயிற்று. அவள் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க?"

"இங்க பாரு. இந்த மடிப்புக்குள்ள. அழுக்கு மாதிரி."

பார்த்தாள். வெள்ளையின் நடுவில் தேநீர் சிந்திய கறை போலப் பழுப்பாக ஒரு கோடு. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. பார்க்கச் சகிக்காத பழுப்பு.

"அழுக்கா?" என்றாள்.

"இல்ல. பாசி." அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "சமையல்காரங்க திரும்பி வந்துட்டாங்க."

அவள் பிடி உடைந்த நீலக் கோப்பையை எடுத்து, இரண்டு வருஷமாக எப்படிக் குடித்தாளோ அப்படியே, சூடா ஆறினதா என்று பாராமல் ஒரு வாய் விழுங்கினாள்.

"ஆ!" என்றாள். கையை உதறினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "சுடுதுங்க!"

அவர் கொண்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஊதிக் குடி," என்றார்.